இண்டியன் மவுன்டன் ஓடுதளத்தில் இறங்குவது எப்படி

மீனம்பாக்கத்திலும் 07/25 ஓடுதளம் உண்டு, அலாஸ்காவின் இண்டியன் மவுன்டனிலும் உண்டு. எண்கள் திசையைச் சொல்பவை: கிழக்கு நோக்கி ஓடினால் 07, மேற்கு நோக்கி ஓடினால் 25. பொருத்தம் அதோடு சரி. இங்கே சுமார் 12,000 அடி நீளம். அங்கே 4,100 அடிதான், அதுவும் சரளைக்கல், மலைச்சரிவில் மேடேறிக்கொண்டே போகும். பனிப்போர்க் காலத்து அமெரிக்க ரேடார் நிலையத்துக்காகப் போட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. நிஜத்தில் முன்அனுமதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. நங்கநல்லூர் மாடியறையில் கணினியில் விமான சிமுலேட்டர் ஓட்டும் என்னை யார் தடுப்பது? அதில் பிஏஐஎம் (PAIM) என்ற விமான நிலையக் குறியீட்டைத் தேடினால் கிடைக்கும்.

விமானம் செஸ்னா கேரவன் என்ற ஒற்றை எஞ்சின் சிறுவிமானம் போதும். அலாஸ்கா நகரமான ஃபேர்பேங்க்ஸிலிருந்து கிளம்புங்கள், சுமார் 160 நாட்டிகல் மைல். திரும்பி வரவும் சேர்த்தே எரிபொருள் போடுங்கள்.

நிஜ நேரத்தில் பறக்க ஆசைப்பட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். கோடையில் நம் இரவு 10 மணி அங்கே காலை 8.30, சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். டிசம்பரில் அங்கே சில மணி நேரம்தான் வெளிச்சம், அதன் நடுப்பகுதி நமக்கு விடிகாலை 3.45. மார்கழியில் திருப்பாவைக்கு எழுபவர்களுக்கும் முன்னால் எழ வேண்டும். நான் எழுந்திருக்கிறேன், வீட்டில் கிடைத்த மரியாதையைச் சொல்லாமல் விடுகிறேன்.

குளிரில் உயரமானியை நம்பாதீர்கள். மைனஸ் 40 டிகிரியில், தளத்துக்கு மேல் 1,000 அடியில் இருப்பதாக அது காட்டினால், நீங்கள் அதைவிட 200 அடிக்கும் அதிகமாகக் கீழே இருப்பீர்கள். சென்னை வெயிலில் பிழை எதிர்ப்பக்கம் போகும் என்பதால் நமக்கு இந்தப் பயம் பழக்கமில்லை. சிமுலேட்டர் காட்டினாலும் காட்டாவிட்டாலும் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான இடம். மீனம்பாக்கத்தில் எந்தப் பக்கம் இறங்குவது என்று காற்று தீர்மானிக்கும். வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலும் 07. இண்டியன் மவுன்டனில் மலை தீர்மானிக்கிறது. கிழக்கிலிருந்து வந்து 25-இல் மேடேறி இறங்க வேண்டும், கிளம்புவது 07-இல் இறக்கமாக. பின்காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடுங்கள். எதிரே 4,000 அடியைத் தாண்டிய மலை நிற்பதால், கடைசி நேரத்தில் மனம் மாறி மேலே ஏற வழியில்லை. ஆகவே இறங்குவதா வேண்டாமா என்ற முடிவைப் பள்ளத்தாக்கில் திரும்ப இடம் இருக்கும்போதே எடுங்கள். வேகம், ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையில் விரிக்கும் மடல்), காற்று மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அங்கேயே வளைந்து வெளியே வந்துவிடுங்கள்.

மேடான ஓடுதளம் கண்ணை ஏமாற்றும். அளவுக்கு மீறி உயரத்தில் இருப்பதாகத் தோன்றி, கை தானாக மூக்கைத் தாழ்த்தும். தாழ்த்தாதீர்கள், இறங்கு வேகத்தைக் காட்டும் முள்ளைப் பாருங்கள். தரை உங்களை நோக்கி ஏறி வருவதால், சக்கரம் தொடுமுன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இழுத்து மூக்கைத் தூக்க வேண்டும்.

தொட்டதும் பிரேக்கை மிதிக்காதீர்கள், மேடே நிறுத்திவிடும். நடுவில் நின்றுவிடாமல் விசையை விடாமல் உச்சிவரை ஓட்டிப்போய், மேம்பாலச் சரிவில் பைக்கை விடுவதுபோலக் குறுக்காக நிறுத்துங்கள்.

கிளம்பும்போது நின்ற இடத்திலேயே முழு விசை கொடுத்தால் கல் எகிறி ப்ரொப்பெல்லரைப் பதம் பார்க்கும். உருளவிட்டு மெல்ல ஏற்றுங்கள். இறக்கம் கூடவே தள்ளுவதால் வேகம் சீக்கிரம் வந்துவிடும்.