நெல் கடைக் கொப்பியில் தொடங்கும் வணிகக் கணினியியல்

வணிகக் கணினியியல் என்றால் மென்பொருள் எழுதும் படிப்பு என்று நினைத்துச் சேருபவர்கள் அதிகம். அது பாதிதான். கடைக்காரர் கொப்பியில் எழுதியதை வாசித்து, ஏன் அப்படி எழுதினார் என்று பிடிப்பதுதான் மற்றப் பாதி. நெடுங்கேணியிலோ பரந்தனிலோ நெல் வாங்கும் கடையொன்றின் கொப்பி கிடைத்தால் கம்பஸ் போகுமுன்பே பழகிவிடலாம். எக்செல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபிஸ் போதும், அது இலவசம்.

படி 1: கணினியைத் திறக்க வேண்டாம். கொப்பியில் மூன்று நாள் பக்கங்களை எடுத்து, யார், எவ்வளவு, என்ன விலை, எவ்வளவு கொடுத்தாயிற்று என்று தாளில் பிரியுங்கள்.

படி 2: இனி எக்செல்லில் அல்லது லிப்ரே ஆபிஸில் மூன்று தாள்கள் திறவுங்கள்: விவசாயிகள், கொள்வனவு, கொடுப்பனவு. ஒவ்வொரு விவசாயிக்கும் வி001 என்பதுபோல ஓர் இலக்கம் கொடுங்கள். பெயரை நம்பினால் ஒரே ஊரில் இரண்டு சிவலிங்கம் வந்து கணக்கைக் குழப்புவார்கள். தொலைபேசி நிரலை முதலிலேயே ‘உரை’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 077இன் முன் பூச்சியம் காணாமல் போகும்.

படி 3: கொள்வனவில் மூடைக் கணக்கு வேண்டாம், கிலோவை எழுதுங்கள். மூடைக்கு மூடை நிறை மாறும். சாக்கின் நிறையைக் கழித்த தேறிய நிறைதான் வேண்டும். ஈரப்பதனுக்கும் ஒரு நிரல் விடுங்கள், 14 சதவீதத்துக்கு மேல் போனால் விலை பேச்சே வேறு. கிலோ விலையை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். ஒரே கட்டத்தில் வைத்துச் சூத்திரம் போட்டால், நாளை விலை மாற்றும்போது போன மாதக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். திகதியை 2024-04-03 என ஆண்டு முதலில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் சில கணினிகள் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும்.

படி 4: வி001 தந்தது 1,240 கிலோ, விலை 120 ரூபா என்று வையுங்கள். தொகை 148,800. கொடுத்தது 100,000. மிச்சம் 48,800. சம்இஃப் (SUMIF) சூத்திரம் இரு தாளிலும் அந்த இலக்கத்துக்குரியதைக் கூட்டித் தரும், கழித்தால் மிச்சம் வரும். கொப்பியோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் 9ஆல் மீதியின்றிப் பிரிந்தால், 48,800ஐ 84,800 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் தேடுங்கள். கணக்காளர்களின் பழைய வித்தை இது.

இந்த மூன்று தாள்கள்தான் பல்கலைக்கழகத்தில் தரவுத்தளப் பாடமாகவும், படி 1 முறைமைப் பகுப்பாய்வாகவும் வரும். கூடவே கணக்கியல், புள்ளிவிபரவியல், கொஞ்சம் நிரலாக்கம். முடித்தவர்கள் வணிகப் பகுப்பாய்வாளர், தரவுப் பகுப்பாய்வாளர், தகவல் முறைமைக் கணக்காய்வாளர் வேலைகளுக்குப் போகிறார்கள். நிறுவனங்களில் கணக்கு, கொள்வனவு, களஞ்சியம் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஈஆர்பி (ERP) மென்பொருளை நிறுவிப் பழக்கிவிடும் வேலையும் உண்டு. அதற்குக் கடைக்காரரோடு பேசத் தெரிந்தவர்தான் தேவை.

பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் (Z-score). வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம் ஆகிய பீடங்கள் இருக்கின்றன. எந்தப் பாடப்பிரிவுக்கு எந்தக் கற்கைநெறி திறந்திருக்கிறது என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த ஆண்டுக் கைநூலில் பார்த்துவிட்டே விருப்பத்தெரிவுகளை வரிசைப்படுத்துங்கள். அண்ணாவின் பழைய கைநூல் வேண்டாம்.