அடியில் இருக்கும் அந்த ஒரு போல்ட்

கடந்த வாரம் ஓர் இளைஞர் தம் பைக்குக்கு முதன்முறையாகத் தாமே ஆயில் மாற்றுவதை அருகில் நின்று பார்த்தேன். ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு, அசைய மறுத்த போல்ட்டுடன் அவர் மல்லுக்கட்டியதைக் கண்டபோது, பல ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்ப்பது போலிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் மரை போய்விட்டது. டயரில் காற்றுப் பார்க்காதது, ஆயில் மாற்ற மறந்தது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்; அக்கறையோடு வேலை செய்பவர்களே செய்யும் தவறுகள் வேறு, அவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

டிரெய்ன் போல்ட்

பழைய ஆயிலை வடிப்பதற்காக எஞ்சினின் அடியில் இருக்கும் இந்தப் போல்ட் எஃகால் ஆனது. அது உட்காரும் மரையோ பெரும்பாலும் அலுமினிய வார்ப்பிலேயே வெட்டப்பட்டது. இரண்டில் மென்மையானது எதுவோ அதுதான் முதலில் சிதையும், அதாவது விலை அதிகமான எஞ்சின் பகுதி. பல பைக்குகளுக்கு இந்தப் போல்ட்டின் இறுக்கம் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள்தான் குறிக்கப்பட்டிருக்கும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ அளவுக்கு அழுத்தினாலே ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் வந்துவிடும் என்னும்போது, அந்த நீளத்தை இரட்டிப்பாக்கும் குழாய்க்கு அங்கே என்ன வேலை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நான் செய்தது இன்னும் மோசம். பைக்கின் அருகே குந்தியபடி மேலிருந்து பார்த்து, போல்ட்டை இடஞ்சுழியாகத் திருகினேன். தலை கீழ்நோக்கி இருக்கும் போல்ட்டை மேலிருந்து பார்த்தால் திசை மாறித் தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை; கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கிறீச்சொலிக்குப் பிறகு ஸ்பேனர் சட்டென்று இலகுவானபோது, வென்றுவிட்டதாக மகிழ்ந்தேன். வெளியே வந்த போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது எஞ்சினின் மரை. டெஃப்லான் டேப்பைச் சுற்றி அதையே மாட்டி ஓட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கசிந்த ஆயில் பின் டயரில் பட்டு, ஒரு திருப்பத்தில் வண்டி வழுக்கிய பிறகே பட்டறைக்குப் போனேன். துளையைப் பெரிதாக்கி, எஃகு மரைச் சுருளைப் பொருத்தித்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

ஆகவே, திருகுவதற்கு முன் குனிந்து, போல்ட்டின் தலையை நேராகப் பார்த்துத் திசையை உறுதிசெய்யுங்கள். மாட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். கசிவைத் தடுப்பது நசுங்கும் வாஷர்தான் என்பதால், அதைப் புதிதாகப் போட்டுவிட்டு, டார்க் ரெஞ்ச் (வேண்டிய இறுக்கத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளும் ஸ்பேனர்) 'டிக்' என்றதும் கையை எடுத்துவிடுங்கள்.

காருக்கான ஆயில்

பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தகடுகளும் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால், கிளட்ச் வழுக்கி, எஞ்சின் அலறினாலும் வேகம் ஏறாமல் போகலாம். டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தரநிலை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டருக்கென வரும் எம்பி வகை இங்கே பொருந்தாது.

செயினின் தொய்வு

செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை என்பதால், சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்தில்தான் தொய்வை அளக்க வேண்டும். தொய்வே இல்லாமல் இறுக்கிவிட்டால், ஆள் ஏறி அமர்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது பேரிங்குகள் அடிவாங்கும்.

ஓடும் எஞ்சினில் செயின் துடைப்பது

விரல் போகும்.

அதிக வாட் பல்பு

55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல்புக்கான மின்னோட்டம் முழுவதும் சுவிட்ச் வழியே போகாமல் தடுக்கும் ரிலேயும் தடித்த வயரும் இல்லாமல் பல்பை மட்டும் மாற்றிய ஒரு நண்பரின் பைக்கில், சுவிட்ச்சும் ஹோல்டரும் சேர்ந்தே உருகின. ரிலே போட்டாலும், அந்தக் கூடுதல் சுமையை பைக்கின் சார்ஜிங் அமைப்பு தாங்குமா என்பதையும் கணக்கிட வேண்டும்.

ப்யூஸ்

10 ஆம்பியர் எரிந்தால் 10 ஆம்பியரையே போடுங்கள்; 20 போட்டால் அடுத்து எரிவது வயர்.