முதல் குளிர்காலத்தில் விமானம் ஏறப்போகிறீர்களா?

குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், பனிக்காலத்தில் விமானம் ஏறும் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். கதவைச் சாத்தியாயிற்று, பெல்ட்டும் போட்டாயிற்று. விமானம் நகர்ந்து, ரன்வேக்குப் போகாமல் ஓரிடத்தில் போய் நின்றுவிடுகிறது. நீண்ட கை வைத்த வண்டிகள் இரண்டு பக்கமும் வந்து, ஆரஞ்சு நிறத் திரவத்தை ஆவி பறக்கப் பீய்ச்சுகின்றன. ஜன்னல் மங்குகிறது, ஏசி நிற்கிறது, லேசாக ஒரு இனிப்பு வாசனை வருகிறது. பழுதோ என்று பதற வேண்டாம். இதுதான் டீ-ஐசிங், அதாவது விமானத்தின்மேல் படிந்த பனியை அகற்றும் வேலை. திரவத்தின் ஆவி உள்ளே வரக்கூடாது என்றுதான் காற்றைச் சிறிது நேரம் அடைத்து வைக்கிறார்கள்.

பனியின் எடைதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். எடையைவிட மோசமானது அதன் சொரசொரப்பு. இறக்கைமேல் காற்று சீராக ஓடினால்தான் விமானம் எழும்பும். உப்புத்தாள் போன்ற மெல்லிய உறைபனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். கண்ணாடி மாதிரி தெளிந்து உறையும் ஐஸ் இன்னும் பொல்லாதது. அது கண்ணுக்கே தெரியாது என்பதால் ஊழியர்கள் கையால் தடவிப் பார்ப்பார்கள். நீண்ட நேரம் உயரத்தில் பறந்துவிட்டு இறங்கிய விமானத்தில், இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் கடும் குளிராக இருக்கும். அதனால் வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்போதுகூட இறக்கையில் ஐஸ் பிடிக்கலாம். மழைதானே பெய்கிறது, இதற்கு எதற்கு டீ-ஐசிங் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் கிளைக்கால் என்ற, உறைவதைத் தடுக்கும் ரசாயனம் கலந்த சூடான திரவம். பீய்ச்சும் முனையிலேயே 60 டிகிரிக்குக் குறையாது. படிந்திருக்கும் பனியை உருக்கிக் கழுவுவது இதுதான். பனி இன்னும் பெய்துகொண்டிருந்தால், அடுத்து கெட்டியான பச்சைத் திரவத்தைப் பூசுவார்கள். இது ஆன்ட்டி-ஐசிங். புதிதாக விழும் பனியை இது தன்மேல் வாங்கி உருக்கிக்கொள்ளும். விமானம் வேகமெடுத்து ஓடும்போது இந்தப் பச்சை இறக்கையிலிருந்து வழிந்து பின்னால் பறப்பதைப் பார்ப்பீர்கள். அது அப்படித்தான் போக வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்குக் கெடு உண்டு. ஹோல்ட்ஓவர் டைம் என்பார்கள். லேசான பனியில் பச்சைத் திரவம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கலாம், விழுந்ததுமே உறைந்துவிடும் உறைமழை பெய்தால் அந்த நேரம் வெகுவாகச் சுருங்கிவிடும். வரிசையில் நிற்கும்போதே கெடு தாண்டிவிட்டால், பைலட் திரும்பிப் போய் மறுபடியும் தெளித்துக்கொண்டு வரலாம். எரிச்சலாகத்தான் இருக்கும். அப்படித் திரும்புகிற பைலட்டை நம்புங்கள்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் கனெக்‌ஷன் விமானத்துக்கு நெருக்கமான இடைவெளியில் டிக்கெட் போடாதீர்கள். மருந்து, குழந்தையின் பால், மேலாடை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஏறுவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. 1989 மார்ச் 10 அன்று கனடாவின் ட்ரைடன் நகரில் ஏர் ஒன்டாரியோ விமானம் ஒன்று, இறக்கையில் பனி படிந்த நிலையிலேயே ஓடி, எழும்ப முடியாமல் காட்டில் விழுந்தது. உள்ளே இருந்த 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். இறக்கையில் பனி இருந்ததைப் பயணிகள் பார்த்திருந்தார்கள். பயணியாக வந்திருந்த விமானிகளும் அவர்களில் உண்டு. யாருடைய பேச்சும் பைலட் அறைக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களுக்குத் தெரியாதா என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டால் நடப்பது இதுதான்.

புதிதாக வந்திருக்கிறோம், ஆங்கிலம் தடுமாறுகிறது, நாம் எதற்கு வாயைத் திறப்பது என்ற தயக்கம் நம்மவர்களிடம் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் அதை விட்டுவிடுங்கள். கேட்டில் நிற்கும்போது இறக்கையில் பனி இருப்பது சகஜம், தெளிப்பது பிறகுதான் நடக்கும். தெளிக்காமலே ரன்வேயை நோக்கிப் போகிறது, அல்லது தெளித்த பிறகும் இறக்கையின் மேல்புறம் பளபளப்பு மங்கி வெள்ளையாக ஏதோ படிகிறது என்றால், உடனே பணிப்பெண் அழைப்பு பட்டனை அழுத்துங்கள். ‘ஐஸ் ஆன் த விங்’ என்று சொல்லி ஜன்னலைக் காட்டினால் போதும், இலக்கணம் யாருக்கும் வேண்டாம். சொன்னதற்காக யாரும் கோபிக்கமாட்டார்கள். கேபினுக்கே வந்து பயணிகளின் ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்துவிட்டுப் போவது பைலட்டுகள் வழக்கமாகச் செய்வதுதான். பைலட்டுக்குச் சொல்லுங்கள் என்று பணியாளரிடம் அழுத்திக் கேளுங்கள். விமானம் ரன்வேயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.