வேலியோரத்துக்கு உயரமான பூத்தண்டு: நிலச்சம்பங்கி

குளிர்நாட்டுத் தோட்டப் படங்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் ஃபாக்ஸ்கிளவ், முதல் வருடம் இலை மட்டும் விட்டு, ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் பூக்கும். திருகோணமலையில் அந்தக் குளிர் இல்லை. இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு என்பதால் பிள்ளைகள் ஓடித்திரியும் வளவுக்கு அது ஏற்றதும் அல்ல. அந்த நெடிய தோற்றத்தை மாலை வாசத்தோடு தருவது நிலச்சம்பங்கி. தண்டு 3 அடிவரை எழும்பும்.

எப்போது நடுகிறோம் என்பதுதான் முக்கியம். மாரிக்கு முன் நட்டால் கார்த்திகை, மார்கழி மழையில் கிழங்கு அழுகிவிடும். தை முடிவில் மழை ஓய்ந்து, மண் கையில் ஒட்டாமல் உதிரும்போது நடுங்கள். 80 முதல் 100 நாளில் தண்டு வரும்.

கிழங்கு 2 சென்ரிமீற்றருக்குக் குறையாத பருமனும் அழுத்தினால் அமுங்காத உறுதியும் உடையதாக இருக்கட்டும். சிறியவை அந்த வருடம் பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். வாசம் வேண்டுமென்றால் ஒற்றை அடுக்கு இனமே சிறந்தது.

வெயில் நன்றாக விழும் இடத்தில் 8 அங்குலம் உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் எருவும் நீரும் தங்காது. அங்கே மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டெரு கலக்க வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் கிழங்கு கெடும். கிழங்கின் நுனிக்கு மேல் 2 அங்குல மண், இடைவெளி 8 அங்குலம். ஒரே வரிசையாக நடாமல் ஐந்தாறு கிழங்குகளைக் கூட்டமாக நட்டால்தான் பூக்கும்போது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். முன்னால் பட்டிப்பூவும் பின்னால் செவ்வரத்தையும் பொருந்தும்.

நட்டதும் ஒருமுறை நனைய ஊற்றுங்கள். முளை தெரியும்வரை மண் காயாத அளவுக்கு மட்டும் போதும். இந்த இடத்தில்தான் பலர் அளவுக்கு மிஞ்சி ஊற்றிக் கிழங்கை இழக்கிறார்கள். இலை விட்ட பிறகு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் நிலத்துக்குத் தினமும் காலையில். கடற்கரைக் கிணறு உவராகும்போது இலை நுனி கருகும். நல்ல தண்ணீர் தேடிக்கொள்ளுங்கள். கச்சான் தண்டைச் சாய்க்கும், அதனால் மொட்டு வைக்கும்போதே மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நகருக்குள் மான்கள் வளவுக்கு வந்து மேயும் இடமென்றால் வலை அடிக்காமல் நடவே வேண்டாம்.

பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள். பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்துக் குட்டிக் கிழங்குகளே அடுத்த தலைமுறை. ஆவணி கடைசியில் நீரை நிறுத்தி, இலை மஞ்சளானதும் புரட்டாதியில் கிளறி எடுத்து, நிழலில் இரண்டு கிழமை உலர்த்தி, காய்ந்த மணலில் வையுங்கள்.

எடுக்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் தெரிந்தால் அது வேர்முடிச்சுப் புழு. அந்தக் கிழங்கை எரித்துவிடுங்கள். அதே பாத்தியிலும், கத்தரி, தக்காளி, வெண்டி நின்ற இடத்திலும் அடுத்த தையில் நடாதீர்கள்.