டேப்பே இல்லாமல் டேப் சத்தம்: 12 விநாடி லூப் ஒன்றைச் செய்து பார்ப்போம்

கம்ப்யூட்டரில் சிந்த் (சத்தத்தை மின்னணு முறையில் உருவாக்கும் கருவி) வைத்து இசை செய்ய ஆரம்பித்த பலருக்கும் கொஞ்ச நாளில் ஒரு சலிப்பு வரும். ஸ்வரம் சரி, தாளம் சரி, ஆனால் கேட்டால் வழுவழுவென்று, கை வைத்தால் வழுக்கிவிடும்போல இருக்கும். மென்பொருள் சிந்த் ஒரே ஸ்வரத்தை நூறு தடவை வாசித்தாலும் பெரும்பாலும் நூறும் ஒரே அச்சுதான். ஸ்பூல் டேப்பில் அப்படி நடக்காது. மோட்டார் கொஞ்சம் தடுமாறும், காந்தப் பூச்சு ஓரளவுக்கு மேல் சத்தத்தைத் தாங்காமல் அதன் முனையை மழுக்கிவிடும், மேல்பக்க அதிர்வெண்கள் தேயும். பொறியாளர்கள் பாடுபட்டுக் குறைத்த இந்தக் கோளாறுகளைத்தான் நாம் இப்போது பிளக்-இன் (இசை மென்பொருளுக்குள் செருகும் சின்ன மென்பொருள்) போட்டுத் திரும்ப அழைத்துவரப் போகிறோம்.

தேவையானவை மூன்றுதான். ரீப்பர் என்ற இசைப் பதிவு மென்பொருள் (60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம், அப்புறம் காசு கொடுத்து வாங்க வேண்டும்), வைட்டல் சிந்தின் இலவசப் பதிப்பு, சௌ டேப் மாடல். கடைசியாகச் சொன்னது முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ்; சோனி டிசி-260 என்ற ஸ்பூல் டேப் ரிக்கார்டரின் நடத்தையைக் கணக்குப் போட்டு எழுதியது. மூன்றையும் நிறுவிவிட்டு ரீப்பரைத் திறங்கள். பிளக்-இன் பட்டியலில் தெரியவில்லை என்றால் பிரிஃபரன்ஸஸ் போய் விஎஸ்டி பகுதியில் மறுபடி ஸ்கேன் கொடுங்கள். பத்துக்கு ஒன்பது பேருக்கு அதோடு சரியாகிவிடும்.

முதலில் லூப்

லூப் என்றால் திரும்பத் திரும்ப ஓடும் துண்டு. வேகம் 80 பிபிஎம் (நிமிடத்துக்கு 80 தட்டு). நான்கு தட்டு கொண்ட பார் நான்கு, அதாவது சரியாக 12 விநாடி. புது ட்ராக்கில் வைட்டலைப் போட்டு, ஒரு சா வேவை (ரம்பப் பல் வடிவ அலை) எடுத்து, யூனிசனை (ஒரே ஸ்வரத்தைச் சேர்ந்து வாசிக்கும் குரல்கள்) 3 அல்லது 4 குரலுக்கு உயர்த்துங்கள். ஃபில்டரை ஆன் செய்து சத்தம் கம்பளி போர்த்தியதுபோல ஆகும்வரை கட்ஆஃபைக் (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும் என்ற அளவு) குறையுங்கள். அட்டாக் (சத்தம் எழும் நேரம்) அரை விநாடி, ரிலீஸ் (விட்டபின் அடங்கும் நேரம்) இரண்டு விநாடி. இப்படி நீண்டு ஒலிக்கும் பின்னணிச் சத்தத்துக்குப் பேட் என்று பெயர். அடுத்து மிடி ஐட்டம் (ஸ்வரங்களை எழுதிவைக்கும் கட்டம்) ஒன்றைச் சேர்த்து, முதல் இரண்டு பாருக்கு ஏ, சி, இ, ஜி. அடுத்த இரண்டுக்கு எஃப், ஏ, சி, இ. கவனித்தால் நான்கில் மூன்று ஸ்வரம் அப்படியே நிற்கிறது, ஜி மட்டும் இறங்கி எஃப் ஆகிறது. அதனால்தான் மாற்றம் நோகாமல் நடக்கிறது.

டிரம்ஸுக்கு உங்களிடம் இருக்கும் ஏதாவது கிக், ஸ்னேர் சாம்பிளை இழுத்துப் போட்டால் போதும். ஒவ்வொரு பாரிலும் 1, 3-ஆம் தட்டில் கிக். 2, 4-இல் ஸ்னேர். இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

லெவல்

இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரியாக வராது. டேப் பிளக்-இன்னுக்கு எவ்வளவு சத்தம் உள்ளே போகிறதோ அதைப் பொறுத்தே அது நடந்துகொள்ளும். பல பிளக்-இன்களில் மைனஸ் 18 டெசிபல் சுற்றுவட்டாரத்தைத்தான் பழைய மீட்டரின் பூஜ்யமாக வைத்திருப்பார்கள். அதனால் பேட் ட்ராக்கின் சராசரி அங்கே இருக்கட்டும், உச்சம் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கட்டும். இதை வைட்டலின் வால்யூமிலேயே குறையுங்கள். ட்ராக் ஃபேடரை இறக்கிப் பயனில்லை, அது பிளக்-இன்னுக்குப் பிறகுதான் வருகிறது.

இப்போது பேடில் வைட்டலுக்கு அடுத்து சௌ டேப் மாடலைப் போடுங்கள். அதில் ஒவ்வொரு பகுதியையும் தனியாக அணைக்கலாம். டேப் பகுதியை மட்டும் விட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். டிரைவை (டேப்பை எவ்வளவு அழுத்தித் திணறவைக்கிறோம் என்ற அளவு) மெதுவாக ஏற்றுங்கள். ஆகா, தடிமனாகிறது, வெதுவெதுப்பாகிறது என்று தோன்றும். நம்பாதீர்கள்! பெரும்பாலும் சத்தம்தான் கூடியிருக்கும், கூடின சத்தம் நம் காதுக்கு எப்போதும் நன்றாகவே இருக்கும். அவுட்புட் கெயினைக் குறைத்து, பிளக்-இன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்தும் போட்டும், இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும்வரை சரிசெய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு டிக்கை மாற்றிப் பாருங்கள். அப்போதும் டேப் போட்டதுதான் பிடிக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்படிச் சோதிக்கும்போது, ஏற்றிவைத்த டிரைவில் பாதியையாவது திரும்ப இறக்கிவிடுவேன்.

பயஸ் என்று ஒரு குமிழ் இருக்கும். அசல் டேப்பில் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒன்றைப் பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்வார்கள், காந்தம் ஒழுங்காக நடந்துகொள்ள. இப்போதைக்கு அதை அப்படியே விடுங்கள்.

தேய்மானமும் தள்ளாட்டமும்

அடுத்து லாஸ் (தேய்மானம்) பகுதியை ஆன் செய்யுங்கள். இதில் முக்கியம் வேகம். டேப் ஒரு விநாடிக்கு எத்தனை அங்குலம் ஓடுகிறது என்ற கணக்கு அது: 30 என்றால் பளிச்சென்று இருக்கும், 15-இல் கொஞ்சம் உருண்டை, 7.5-க்கு வந்தால் மேல்பக்கம் நன்றாகவே மங்கும். வீட்டு கேசட் 1⅞ அங்குலத்தில்தான் ஓடியது, அப்படியானால் அதன் மங்கலான சத்தம் எங்கிருந்து வந்தது என்று புரியும். பேடுக்கு 7.5 வைத்துப் பாருங்கள், சா வேவின் கூச்சம் போய்விடும்.

பிறகு வாவ், ஃப்ளட்டர். வாவ் மெதுவான தள்ளாட்டம், ஃப்ளட்டர் வேகமான நடுக்கம். பேட்டரி இறங்கின டேப் ரிக்கார்டரில் பாட்டு இழுத்து இழுத்துப் பாடுமே, அந்தக் குடும்பம்தான். வாவ் டெப்த்தை, சுருதி ஆடுவது தெளிவாகக் கேட்கும்வரை ஏற்றுங்கள், அப்புறம் அதைத் தேடினால்தான் கேட்கும் என்ற அளவுக்கு இறக்குங்கள். டிரிஃப்ட் கொஞ்சம் சேர்த்தால் ஆட்டம் ஒரே சீராக இல்லாமல் மனம்போனபடி வரும்.

முதன்முதலில் இது கிடைத்த குஷியில் எட்டு ட்ராக்குக்கும் தனித்தனியாக வாவ் போட்டுவிட்டேன். பாஸ் ஒரு பக்கம் இழுக்க, பேட் இன்னொரு பக்கம் இழுக்க, ராத்திரி ஹெட்போனில் கனவுபோல இருந்தது காலையில் நண்பன் காரில் போட்டதும் நாராசமாகிவிட்டது. "ஏண்டா, சுருதியே சேரலையே?" என்றான். அதிலிருந்து பாஸுக்கு வாவே கிடையாது. பேடுக்கு மட்டும், மிஞ்சினால் ஒரு மெலடிக்கு.

டிரம்ஸ் கதை வேறு. அதற்கு வாவ் வேண்டாம், டிரைவ் வேண்டும். இரண்டு ட்ராக்கையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஃபோல்டர்மேல் இன்னொரு சௌ டேப் மாடலை வைத்துத் தாராளமாக ஏற்றுங்கள். ஸ்னேரின் கூர்மையான முனை மழுங்கி, 'டக்' என்றது 'தப்' என்று மாறுவது கேட்கும். அங்கேயே நிறுத்துங்கள்.

எதிரொலி எங்கே?

பேடுக்கு ரிவெர்ப் (அறைக்குள் எழும் எதிரொலி) போடுவதானால் டேப்புக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார்கள். பின்னால் போட்டால் ஆடும் வாத்தியம் ஆடாத அறைக்குள் இருக்கிறது. முன்னால் போட்டால் அறையும் சேர்ந்து ஆடும், பழைய கேசட்டில் கேட்பதுபோல. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். டிரம்ஸ் நிறைய இருக்கிற பாட்டில் மட்டும் முதலாவது.

கம்ப்யூட்டர் திணறினால் ஓவர்சாம்பிளிங்கை (பிளக்-இன் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறது என்ற அளவு) குறைத்து வேலை செய்யுங்கள், அல்லது பேட் ட்ராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள் (ஒலியாகவே பதிந்து வைத்துவிடும்). எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டரில் இன்னொரு டேப் போட ஆசை வரும். போடலாம், வேகம் 15, டிரைவ் துளி, வாவ் அணைத்தே இருக்கட்டும்.

ரெண்டர் செய்யும்போது (பாட்டைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது) ஓவர்சாம்பிளிங்கைத் திரும்ப ஏற்றி, 24 பிட் வேவ் கோப்பு கொடுங்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ரெண்டர் பெட்டியில் டெயில் என்ற இடத்தில் நான்கு விநாடி போட மறக்காதீர்கள், இல்லையென்றால் கடைசி ரிவெர்ப் வால் கத்தரித்ததுபோல அறுந்து நிற்கும்.