பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரைச் சட்டப்படி மாற்றுவது: நெல்லை வட்டாரத் தொழில்களுக்கு ஒரு கையேடு

பங்குதாரர்கள் கூடித் தீர்மானம் போட்ட நாளிலோ வாசலில் புதுப் பெயர்ப்பலகை ஏறிய நாளிலோ கம்பெனியின் பெயர் மாறிவிடுவதில்லை. கம்பெனிப் பதிவாளர் ஐஎன்சி-25 என்ற புதுப் பதிவுச் சான்றிதழை வழங்கும் நாளில்தான் மாறுகிறது. அதுவரை பில், காசோலை, ஒப்பந்தம் எல்லாமே பழைய பெயரில்தான் போக வேண்டும். நல்ல நாள் பார்த்துப் பலகையை முதலில் மாட்டிவிட்டு, பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நம் பக்கம் அதிகம். சிக்கலில் மாட்டுவதும் அவர்கள்தான்.

இங்கே சொல்வதெல்லாம் 2013 கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குப் பொருந்தும். எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கு 2008ஆம் ஆண்டின் தனிச்சட்டம், படிவங்களும் வேறு.

முதலில் பழைய பாக்கி

ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்யாமல் விட்ட கம்பெனிக்குப் பெயர் மாற்ற அனுமதி கிடையாது. முதிர்ந்த டெபாசிட்டையோ அதன் வட்டியையோ திருப்பித் தராமல் வைத்திருந்தாலும் இதே கதிதான். ஆண்டுக் கணக்குக்கான ஏஓசி-4, ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7 இரண்டுக்கும் தாமதக் கட்டணம் படிவத்துக்கு நாளொன்றுக்கு ₹100. அதற்கு உச்சவரம்பு இல்லை. இரண்டு வருடம் விட்டிருந்தால் பெயர் மாற்றும் செலவைவிட இந்தப் பாக்கிதான் பல மடங்கு பெரிதாக நிற்கும். எனவே மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் கம்பெனியின் விவரத்தைத் திறந்து, கடைசியாகத் தாக்கலான வருடம் எது என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். இயக்குநரின் அடையாள எண்ணான டின் செயலில் இருக்கிறதா, டிஜிட்டல் கையெழுத்து காலாவதி ஆகவில்லையே என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வங்கிக் கடன் இருந்தால் கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். சங்க விதிகளை (கம்பெனியின் உள்விதிகளான ஆர்டிகிள்ஸ்) திருத்துவதற்கு முன் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும்.

பெயர் தேர்வு

விண்ணப்பங்கள் அதிகமாகத் தள்ளுபடி ஆவது இந்த இடத்தில்தான். ஏற்கெனவே பதிவான பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்போது சில வேறுபாடுகளைச் சட்டம் வேறுபாடாகவே எண்ணுவதில்லை. ஒருமை பன்மை, இடைவெளி, புள்ளி, சொற்களின் வரிசை, எண், ஒலி மாறாத எழுத்து மாற்றம் ஆகியவை அப்படிப்பட்டவை. தாமிரபரணி என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். நாலும் ஒரே பெயராகத்தான் கொள்ளப்படும். ஊர்ப் பெயரைச் சேர்ப்பதும் உதவாது. சென்னையில் ஒருவர் வைத்திருக்கும் பெயரோடு 'நெல்லை' என்றோ 'பாளையங்கோட்டை' என்றோ ஒட்டிக்கொண்டால் அது புதுப் பெயர் ஆகாது. அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தால்தான் வழி உண்டு.

வணிகச் சின்னத்தையும் தேடிப் பாருங்கள். மத்திய அரசின் வணிகச் சின்னத் தளத்தில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் சரக்கு எந்த வகுப்பில் வருகிறதோ அதில் தேட வேண்டும்: அரிசிக்கும் அப்பளத்துக்கும் 30, பாய்க்கு 27, லாரி போக்குவரத்துக்கு 39. அங்கே பதிவான பெயரோ விண்ணப்பத்தில் நிற்கும் பெயரோ இருந்தால், உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அது கிடைக்காது.

பிறகு எம்சிஏ தளத்தில் பெயர் ஒதுக்கக் கேட்கும் 'ரன்' சேவை வழியே விண்ணப்பம். கட்டணம் ₹1,000. இரண்டு பெயர் வரை கொடுக்கலாம். இயக்குநர் குழுத் தீர்மானத்தை இணையுங்கள். குறை சொல்லித் திருப்பினால் 15 நாளுக்குள் ஒரே ஒரு முறை திருத்தி அனுப்பலாம். அதுவும் தள்ளுபடியானால் மறுபடி ₹1,000.

இந்த விண்ணப்பத்தைப் பார்ப்பவர் ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள மையத்தின் அதிகாரி. அவருக்குப் பொருநை என்றால் என்ன என்று தெரிய நியாயமில்லை. அதனால் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். உதாரணத்துக்கு, "பொருநை என்பது திருநெல்வேலி வழியே ஓடும் தாமிரபரணி ஆற்றின் பழந்தமிழ்ப் பெயர், கம்பெனியின் ஆலை அந்த ஆற்றுப் பாசனப் பகுதியில் இருப்பதால் இந்தப் பெயர், தொழில் நெல் அரவை" என்ற அளவில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி எழுதினால் போதும். பெயரின் பொருள், அதைக் கேட்பதற்கான காரணம், தொழிலோடு அதற்குள்ள தொடர்பு மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

குடும்பத்தில் பாகம் பிரியும்போது, "பழைய பெயரைத் தம்பி எடுத்துக்கிடட்டும், நான் புதுப் பெயர் வச்சுக்கிடுதேன்" என்று பேசி முடிப்பது வழக்கம். இது நடக்காது. கைவிட்ட பெயரைப் பெயர் மாறிய நாளிலிருந்து மூன்று வருடம் வேறு எந்தக் கம்பெனிக்கும், அதே குழுமத்துக் கம்பெனிக்கும்கூட, கொடுக்க மாட்டார்கள். பாகப் பேச்சு நடக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

அறுபது நாள் கணக்கு

பெயர் ஒப்புதலான நாளிலிருந்து 60 நாள் அது உங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்குள் பொதுக்குழுவைக் கூட்டி, தீர்மானம் நிறைவேற்றி, எம்ஜிடி-14, ஐஎன்சி-24 இரண்டு படிவமும் போய்ச் சேர வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு 7 நாள் நோட்டீஸ். அசாதாரணப் பொதுக்குழுவுக்கு 21 முழு நாள். அனுப்பிய நாளும் கூட்ட நாளும் இதில் சேராது. 1ஆம் தேதி மின்னஞ்சல் போனால் கூட்டம் 23ஆம் தேதிக்கு முன் இல்லை. தபாலில் அனுப்பினால் இன்னும் 48 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வாக்குரிமையுள்ள பங்கு மூலதனத்தில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கும் பெரும்பான்மை உறுப்பினர்கள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் குறுகிய நோட்டீஸிலேயே கூட்டலாம்.

வேண்டியது சிறப்புத் தீர்மானம். எதிராக விழும் வாக்கைப் போல மூன்று மடங்காவது ஆதரவு இருக்க வேண்டும். மூன்று சகோதரர்கள் சம பங்கு வைத்திருந்து ஒருவர் எதிர்த்தால் இரண்டுக்கு ஒன்று, தீர்மானம் தோற்றுவிடும். அவர் வாக்களிக்காமல் இருந்துவிட்டால் நிறைவேறும். சமாதானம் பேச வேண்டிய இடம் கூட்டத்துக்கு முன்பே இருக்கிறது.

புதுப் பெயர் சங்கக் குறிப்பில் (கம்பெனியின் பெயரும் நோக்கமும் எழுதியுள்ள மெமோராண்டம்) இல்லாத தொழிலைக் காட்டினால், நோக்கப் பிரிவைத் திருத்தும் தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் வையுங்கள்.

தீர்மானம் நிறைவேறிய 30 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்யும் எம்ஜிடி-14 படிவம் போக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைப் பொறுத்துக் கட்டணம் ₹200 முதல் ₹600 வரை. தாமதித்தால் மடங்கு ஏறி 12 மடங்கு வரை போகும். அது கொடுக்கும் எஸ்ஆர்என் என்ற கோரிக்கை எண்ணை வைத்துத்தான் பெயர் மாற்ற விண்ணப்பமான ஐஎன்சி-24 நிரப்ப முடியும். கூட்டத்துக்கு வந்தவர் எத்தனை, ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று அது கேட்கும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உள்ளதோடு எண்கள் பொருந்த வேண்டும். திரும்பி வரும் படிவங்களில் பெரும்பாலும் அற்பக் காரணங்கள்தான்: ஒதுக்கிய பெயருக்கும் தீர்மானத்தில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம், திருத்திய விதிகளில் ஏதோ ஒரு பக்கத்தில் பழைய பெயர். அனுப்பும் முன் ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு

பான் எண், வரிப் பிடித்தத்துக்கான டான் எண், ஜிஎஸ்டி எண் எதுவும் மாறாது. அவற்றில் உள்ள பெயர் மாற வேண்டும். ஜிஎஸ்டியில் 15 நாளுக்குள் திருத்தம் கேட்க வேண்டும். ஆனால் ஜிஎஸ்டி தளம் பெயரைப் பான் பதிவோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கும். ஆகவே சான்றிதழ் கையில் வந்த அன்றே பான் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அடுத்து வங்கி: ஐஎன்சி-25 நகல், திருத்திய விதிகள், இயக்குநர் குழுத் தீர்மானம். பழைய பெயருக்கு வரும் காசோலைகளைச் சில மாதம் வரவு வைக்கும்படியும் கடிதம் கொடுங்கள். உணவு உரிமம், பிஎஃப், இஎஸ்ஐ, சிறுதொழில் பதிவான உத்யம், மின் இணைப்பு எல்லாம் அதன் பின். கல்லிடைக்குறிச்சி அப்பளம் போல உறையில் அச்சடித்து விற்கும் சரக்கானால், ஐஎன்சி-24 அனுப்பும் முன்பே பழைய உறை இருப்பைக் குறைத்துவிடுங்கள். உரிமத்தில் ஒரு பெயரும் உறையில் இன்னொன்றுமாக இருக்கக் கூடாது.

பலகையில் புதுப் பெயருக்குக் கீழே 'முன்பு' என்று பழைய பெயரும் இரண்டு வருடம் இருக்க வேண்டும். லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் அப்படியே. பதிவு அலுவலக முகவரியும் வெளியே தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் போதாது. இந்த வட்டாரத்தில் தமிழ் எழுத்திலும் வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ₹1,000, அதிகபட்சம் ₹1 லட்சம் வரை அபராதம்.

நிலப் பத்திரம் பழைய பெயரில் இருந்தால் மறுபடி கிரயம் எழுத வேண்டியதில்லை. பெயர் மாறினாலும் கம்பெனி அதே கம்பெனிதான். 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. பெயர்தான் மாறியது, வங்கி மாறவில்லை. பத்திரத்தோடு ஐஎன்சி-25 நகலைச் சேர்த்து வைத்து, பட்டாவில் பெயர் மாற்றம் கேளுங்கள். வணிகச் சின்னம் வைத்திருந்தால் அதன் பதிவேட்டிலும் டிஎம்-பி படிவம் மூலம் புதுப் பெயரை ஏற்ற வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.