ஜெர்மனி இணைப்புக் கார்ட்டூன்கள்: எங்கே தவறாகப் படிக்கிறோம்?

பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. கிழக்கு, மேற்கு என இரண்டாக இருந்த ஜெர்மனி ஒன்றானது 1990 அக்டோபர் 3. நடுவில் முழுதாகப் பதினொரு மாதம்கூட இல்லை. அதனால் அக்காலக் கார்ட்டூன்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘சுவர் இடிந்த மகிழ்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். படத்துக்கு முன் தேதியைப் பாருங்கள். நவம்பரில் எல்லை தாண்டும் டிராபன்ட் என்ற கிழக்கு ஜெர்மனிக் கார் விடுதலையின் குதூகலம். 1990 ஜூலை 1-ல் மேற்கின் மார்க் நாணயம் கிழக்குக்கும் வந்தது. கிழக்கின் சரக்கை வாங்க ஆளில்லாமல் போனது. அதற்குப் பிறகு வரையப்பட்டிருந்தால், அதே டிராபன்ட் பெரும்பாலும் முடங்கும் தொழிற்சாலைகளைக் குறிக்கும்.

அடுத்து, கொடி. இரு நாடுகளுக்கும் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்களே. கிழக்கின் கொடியில் மட்டும் நடுவே சுத்தியல், கவராயம், தானியக் கதிர் வளையம் இருக்கும். கறுப்பு வெள்ளை அச்சில் இந்தச் சின்னம்தான் அடையாளம். கொடி நடுவே ஓட்டை இருந்தால் ‘கிழிந்த தேசம்’ என்று எழுதாதீர்கள். கிழக்கில் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் சிலர் அந்தச் சின்னத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். குஞ்சம் தொங்கும் இரவுக் குல்லாய்க்காரர் எந்தத் தலைவரும் அல்ல. அவர் ‘மிஷெல்’, சாதாரண ஜெர்மானியரின் உருவகம். பேரிக்காய்த் தலை என்றால் மேற்கு ஜெர்மனிப் பிரதமர் ஹெல்முட் கோல்.

பெரிய சறுக்கல், யாரைத் தாக்குகிறது என்பதில்தான். 1990 ஜூலையில் பிரிட்டனின் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ் அட்டையில் கோலின் சுவரொட்டிக்கு ஹிட்லர் மீசையும் தலைமுடியும் வரையப்பட்டிருக்கும். கோலைப் பழிக்கும் படம் என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். தூரிகை யாருடையது என்று பாருங்கள். பிரிட்டிஷ் அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லியுடையது. ஐரோப்பாவிடம் இறையாண்மையைக் கொடுப்பதும் ஹிட்லரிடம் கொடுப்பதும் ஒன்றுதான் என்ற பொருள்பட அதே இதழின் பேட்டியில் பேசியவர் அவர். அதனாலேயே பதவியும் போனது. கார்ட்டூன் சுட்டுவது அவரைத்தான்.

பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் படத்தை வெறும் வசையாகத் தள்ளிவிடாதீர்கள். மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டமான ‘அடிப்படைச் சட்ட’த்தின் 146-ஆம் பிரிவுப்படி புது அரசியல் சட்டம் எழுதிச் சேரவும் வழி இருந்தது. தேர்ந்தது 23-ஆம் பிரிவு: கிழக்கு, மேற்கின் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. சேர்ந்த முறையைத்தான் அந்த மீன் கேள்வி கேட்கிறது.

தலைப்பு வாசகத்தில் ஒரு சொல்லைக்கூட நழுவவிடக் கூடாது. ‘நாங்களே மக்கள்’ என்பது கிழக்கின் ஆட்சியாளர்களை நோக்கிய கோஷம். ‘நாம் ஒரே மக்கள்’ என்று அது மாறியபோது கேட்டது இணைப்பை.